நான்கு பிறப்புள்ள ஒரு சொல்லும் புல் மூடிய ஒரு பாதையும்

வரும் வெள்ளிக்கிழமையோடு இந்த அலுவலகத்தில் என் வேலை முடிகிறது. பதினொரு வருடங்கள். ஒப்படைக்க வேண்டியவற்றைப் பட்டியல் போட்டு மேசையில் வைத்திருக்கிறேன்: கருவிப் பெட்டிகள் இரண்டு, மின்கலங்கள் நான்கு, களக் குறிப்பேடுகள் பதினேழு, கை கிழிந்த மழையங்கி ஒன்று. கருவிகளை எப்படி இயக்குவது என்பது கையேடுகளில் இருக்கிறது. அதை நான் திரும்ப எழுதப் போவதில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும், கையேட்டில் இல்லாத ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

போன கிழமை தேநீர் வேளையில் நீங்கள் கேட்டீர்கள்: ஆழம் அளக்கும் வேலைக்கு ஏன் 'சவுண்டிங்' என்று பெயர்? கேட்டதோடு, பதிலையும் நீங்களே சொன்னீர்கள். மிசின் தண்ணீருக்குள் ஒலி அனுப்புகிறது, அது தரையில் பட்டுத் திரும்புகிறது; ஆகவே ஒலிக்கான சொல்லே வேலைக்கும் பெயராகிவிட்டது. நான் சிரித்தேன். கோபிக்க வேண்டாம். அதே பதிலை நானும் மூன்று வருடங்கள் சொல்லித் திரிந்தவள். ஒரு பாடசாலைக் கண்காட்சியில் படம் கீறி விளக்கியும் இருக்கிறேன்.

அந்தப் பதில் பிழை என்று எனக்குக் காட்டியவர் படகோட்டி ஜிஃப்ரி நானா. ஊர் கண்டக்குழி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வாய் ஓயாத மனிதர்.

புத்தளம் களப்பு என்ற கடலேரிக்குள் இருக்கும் ஒரு சிறு தீவின் இறங்குதுறைக்கு முன்னால் நாங்கள் நங்கூரம் போட்டிருந்தோம். மின்கலம் மாற்றிக் கருவியைச் சூடாக்கும் நேரம் அது. நான் அவருக்கும் அதே விளக்கத்தைக் கொடுத்தேன். அவர் பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப மிசின் வர முந்தி வெள்ளக்காரன் ஆழத்த என்னத்தால அளந்த?"

"கயித்துல ஈயக்கட்டி கட்டி இறக்குவாங்க."

"அந்த வேலைக்கு அவன் என்ன பேரு சொன்ன?"

நான் யோசித்தேன். பழைய கடல் வரைபடங்களில் பார்த்திருக்கிறேன். "சவுண்டிங்தான்."

"ஈயக்கட்டி சத்தம் போட்டிச்சா?"

நான் மிசினைப் பார்த்தேன். "படிச்ச புள்ள, சும்மா இரிக்காம பாருங்க பாப்பம்," என்றார். சிக்னல் ஒரு கோடுதான் இருந்தது. கைபேசியைத் தலைக்கு மேல் பிடித்தபடி அகராதியைத் திறந்தேன். அன்று கண்டதைக் களக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன். அதை இங்கே படியெடுக்கிறேன்.

ஒன்று: சவுண்ட் என்றால் ஒலி. லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வந்தபோது கடைசியில் 'ட்' இருக்கவில்லை. ஆங்கிலேயர் பேசிப் பேசி ஒட்டிக்கொண்டது.

இரண்டு: சவுண்ட் என்றால் பழுதில்லாதது, நலமானது. இது ஜெர்மானியக் குடும்பத்துச் சொல். நலமாக இருப்பதைச் சொல்ல ஜெர்மன்காரர் இன்றும் இதன் உறவுச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

மூன்று: சவுண்ட் என்றால் இரண்டு நிலங்களுக்கு இடையிலான ஒடுங்கிய கடல். வடநாட்டுக் கடலோடிகளின் மொழியில் இதற்கு நீந்துதல் என்றும் பொருள் இருந்தது.

நான்கு: சவுண்ட் என்றால் ஆழம் அளப்பது. பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்கு முந்திய பிறப்பு நிச்சயமில்லை. 'அலைக்குக் கீழே' என்ற லத்தீன் சொற்களிலிருந்து வந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். மூன்றாவது சொல்லின் வழிதான் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். ஏனென்றால் மிகப் பழைய ஆங்கிலத்தில் ஆழம் பார்க்கும் கோலுக்கு அதே நீந்தும் சொல்லை வைத்து ஒரு பெயர் இருந்திருக்கிறது.

ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு; மூன்றோ நான்கோ வெவ்வேறு பிறப்பு. இதை நான் வாசித்து முடித்ததும் ஜிஃப்ரி நானா அசரவில்லை.

"இதென்ன புதினம்? நம்மட 'ஆறு' இல்லையா? ஓடுறதும் ஆறு, அஞ்சுக்குப் பொறகும் ஆறு, தேத்தண்ணி ஆறுறதும் ஆறு."

"அது சரி நானா. ஆனா இவங்கட சொல்லு ஒவ்வொண்டும் ஒவ்வொரு நாட்டுல இருந்து வந்து ஏறியிரிக்கு. நம்மட குந்துற கதிரை, அலுமாரி போர்த்துக்கீசக் கப்பல்ல வந்த மாதிரி."

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "அலுமாரி நம்மட இல்லையா?"

"இல்ல."

"கதிரையும்?"

"இல்ல."

"பேக்கரியில வாங்குற பாண்?"

"அதுவும் இல்ல."

"அப்ப என்ட ஊட்டுல என்னதான் என்ட சொந்தம்?"

"பாய் இரிக்கு."

அவர் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. கருவியை நான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த நாளை இவ்வளவு மகிழ்ச்சியாகத் தொடங்கியதை நினைத்துப் பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அடுத்த இரண்டு மணித்தியாலத்தில் நான் செய்தது, இந்த வேலையில் என் மிகப் பெரிய பிழை.

நாங்கள் அங்கு போனதன் காரணத்தைச் சொல்கிறேன். அந்தத் தீவுக்கு மாதம் ஒரு முறை சுகாதாரப் படகு வரும். பிரசவம் பார்க்கும் மருத்துவமாது, தடுப்பூசிப் பெட்டி, தராசு, பரிசோதனைக் கட்டில் எல்லாம் அதில் இருக்கும். கனமான படகு. குடியிருப்புத் துறைக்கு மீனவரின் சிறு படகுகள் வரும் வாய்க்காலில் அது வர முடியுமா என்று யாருக்கும் தெரியாததால், தீவின் மறுபக்கத்தில்தான் கட்டுவார்கள். குடியிருப்பிலிருந்து அங்கே போக முக்கால் மணித்தியால நடை. அதில் பாதி சேறு. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரரும் பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அந்தச் சேற்றில் நடந்து போய்த்தான் மருந்து வாங்கி வந்தார்கள். குடியிருப்புக்கு முன்னாலுள்ள துறைக்கே படகு வர வேண்டும் என்று அவர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். நீர் மிகவும் இறங்கிய வேளையில் வாய்க்கால் முழுக்க ஒரு மீற்றர் பத்துச் சென்ரிமீற்றர் ஆழம் இருந்தால் படகு வரும். இல்லாவிட்டால் வராது. அதைச் சொல்வதுதான் என் வேலை.

நான்கு தடவை வாய்க்காலின் நீளத்துக்குப் போய் வந்தோம். திரையில் இரண்டு கோடுகள் தெரிந்தன. மேலே மங்கலாக ஒன்று, கீழே தடிப்பாக ஒன்று. மிசின் மேற்கோட்டைத் தெரிவு செய்தது. நானும் அதையே தெரிவு செய்தேன். நீர்மட்டத் திருத்தத்தைக் கழித்துப் பார்த்தால் எண்பது, எழுபத்தைந்து, எண்பத்தைந்து. எங்குமே ஒரு மீற்றர் வரவில்லை. எண்களைப் படமெடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினேன். "முடியாது போலிருக்கிறது, சேர்" என்று கீழே எழுதினேன். 'போலிருக்கிறது' என்பதை மரியாதைக்காகத்தான் போட்டேன். எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

கரையில் எட்டொன்பது பெண்கள் காத்திருந்தார்கள். முன்னால் நின்றவர் நூர்ஜஹான் ராத்தா. ஏழு மாதக் கர்ப்பம். மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. போன மாதம் சேற்றில் நடுவழியில் வழுக்கி விழுந்து, மற்றப் பெண்கள் கைகோத்துத் தூக்கிக்கொண்டு போனார்களாம். அந்தக் கதையை அவர் வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

"என்ன தங்கச்சி, வருமா?"

"ஆழம் காணாது ராத்தா. வர ஏலாது."

ஒரு பெண் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினார். நூர்ஜஹான் ராத்தா தலையை ஆட்டினார்.

"சரி. இவ்வளவு தூரம் வந்த நீங்க. சோறு திண்டுட்டுப் போங்க."

மீன் ஆணமும் சோறும். இரண்டாவது கவளத்தில் அவர் சாதாரணமாகக் கேட்டார். "எவ்வளவு காணாது?"

"அந்தக் கண்டல் மரத்துக்கு நேர எண்பது சென்ரிமீற்றர்தான்." என் இடுப்புக்குச் சற்றுக் கீழே கையைக் காட்டினேன்.

"அதுலயா?" அவர் கை சோற்றில் நின்றது. "அதுல எனக்கு நெஞ்சு வரைக்கும் வரும்."

"சேத்துல கால் புதையும் ராத்தா. அதான் அப்படி இரிக்கும்."

பிழை நடந்தது அந்த இடத்தில்தான். மிசினில் அல்ல. விளக்கம் என்னிடம் தயாராக இருந்தது. ஆனபடியால் நான் யோசிக்கவில்லை.

"புள்ள," என்றார் அவர். குரல் மாறவில்லை. "நான் இந்தத் தண்ணிக்குள்ள பொறந்தவ. சேறு எது தண்ணி எதுண்டு என்ட காலுக்குத் தெரியாதா? அதுல சேறில்ல. மணல். மணலுக்கு மேல புல்லு. முழங்காலளவு புல்லு."

ஜிஃப்ரி நானா என்னைப் பார்த்தார். நான் திரையின் இரண்டு கோடுகளை நினைத்தேன். நெளிந்து நிற்கும் கடற்புல்லின் நுனியில் பட்டு ஒலி திரும்பியிருந்தால், நான் அளந்தது தரையை அல்ல, புல்லின் தலையை.

கை கழுவிவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்தேன். மனம் குழம்பும்போது நான் பட்டியல் எழுதுவேன். எழுதியது இவ்வளவுதான்:

அவர் சொல்வது சரியென்றால், நான் பிழை.
நான் சரியென்றால், அவருக்கு நட்டமில்லை. ஏற்கனவே 'இல்லை' என்று சொல்லியாயிற்று.
நீர் மிகவும் இறங்குவது மூன்று மணிக்கு.
நாளைக் காலை படகும் கருவியும் முந்தலில் இறால் பண்ணை வேலைக்குப் போகின்றன.
இப்போது மணி ஒன்று இருபது.

மேலாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். வடக்குப் பக்கத்துக்காரர். சொற்களை எண்ணிப் பேசுபவர். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த மிக நேர்மையான மனிதர்.

"சேர், அந்த எண்களை நிப்பாட்டி வைப்பீங்களா?"

"அனுப்பிப் போட்டன் பிள்ளை. ஏலாதெண்டு சுகாதாரப் பகுதி ஆக்களுக்கு இப்பதான் சொன்னன்."

"நான் பிழையா அளந்திருக்கலாம் சேர். புல்லு இருக்குதாம்."

"பிழையெண்டு நிச்சயமோ?"

"இல்ல சேர். இனித்தான் தடியால அளந்து பாக்கணும்."

"அப்ப அளந்து போட்டுச் சொல்லியிருக்கலாமே. இப்ப என்னத்துக்கு எடுத்தனீர்?"

"அளந்த பொறகு எண்டா, எனக்கு வசதியான பதில் வந்தா மட்டும்தான் எடுப்பனோ எண்டு பயமா இருந்திச்சு."

அவர் சொன்னார்: "அஞ்சு மணிக்கு முந்திச் சொல்லும். நான் அவைக்கு எடுத்து, இன்னும் நிச்சயமில்லையெண்டு சொல்லுறன்."

நிச்சயமில்லை. அன்று காலை அகராதியில் வாசித்த அதே சொல். ஒரு சொல்லின் பிறப்பைத் தேடி வாழ்நாள் முழுக்க உழைத்தவர்கள், தெரியாத இடத்தில் தெரியாது என்றே அச்சிட்டிருந்தார்கள். அதனால் அவர்கள் மீதான மதிப்பு குறையவில்லை. மற்ற மூன்று வரிகளையும் நான் நம்பியதே அந்த ஒரு வரியால்தான். நான் மட்டும் ஏன் எண்பது, எழுபத்தைந்து, எண்பத்தைந்து என்று தயங்காமல் எழுதி அனுப்பினேன்?

சரி. வேலைக்கு வருகிறேன்.

எங்கள் படகில் அளவுத் தடி ஒன்றுதான் இருந்தது. ஒரு தடியால் முந்நூறு மீற்றர் வாய்க்காலை இரண்டு மணித்தியாலத்தில் அளக்க முடியாது. "தடிதானே வேணும்?" என்றார் நூர்ஜஹான் ராத்தா. பத்து நிமிடத்தில் ஆறு கம்புகள் வந்தன. கம்பின் முனை மணலில் இறங்கினால் அளவு பொய்யாகிவிடும்; அடியில் தட்டையாக ஏதாவது பூட்ட வேண்டும் என்றேன். பெண்கள் ஆளையாள் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குசினிக்கு ஓடினார்கள். ஆறு சட்டி மூடிகள். ஜிஃப்ரி நானா அவற்றில் ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போது வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு கணவர் எழுந்து வந்தார்.

"அது எங்கட சோத்துச் சட்டி மூடியெல்லா!"

"ஓம்," என்றார் மனைவி. "இண்டைக்கு மூடாத சோறு தின்னுங்க. மவுத்தாக மாட்டீங்க."

எண்கள் வாசித்து நேரம் போக்க வேண்டாம் என்று, ஒவ்வொரு கம்பிலும் மூடியிலிருந்து ஒரு மீற்றர் பத்தில் ஒரு சிவப்புத் துணிக் கீலத்தைக் கட்டினேன். துணி நனைந்தால் படகு போகும். நனையாவிட்டால் போகாது. ஐந்து இடத்துக்கு ஒரு இடம் நான் சரியான எண்ணையும் எடுத்துக்கொள்வேன்.

மூன்று மணிக்கு ஆறு பெண்கள் வாய்க்காலுக்குக் குறுக்கே வரிசையாக இறங்கினார்கள். கறுப்பு அபாயாக்கள் நீரில் குடைபோல விரிந்தன. நான் அவர்களுக்கு நடுவில். பின்னால் படகில் ஜிஃப்ரி நானா, கையில் இடங்காட்டிக் கருவியோடு. ராத்தாவை நான் இறங்கவிடவில்லை. அவர் கரையில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, வயிற்றின் மீது என் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு சரி போட்டார்.

முதல் அடி. ஆறு கம்புகள் புல்லை விலக்கிக்கொண்டு இறங்கின.

"நனைஞ்சிட்டு!"

"எனக்கும் நனைஞ்சிட்டு!"

"என்ட சிவப்பக் காணவே இல்ல!"

"கம்பப் பாரு, கரையில உள்ள மாப்புளயப் பாக்காத!"

கரையில் ஆண்கள் சிரித்தார்கள். ஒவ்வொரு ஐந்து மீற்றருக்கும் அந்தக் கூச்சல் எழுந்தது. நான் அளந்த எண்கள்: ஒன்று இருபது, ஒன்று பதினெட்டு, ஒன்று இருபத்தைந்து. என் கால்களில் புல் சுற்றியது. அது மடங்கி வழிவிட்டது. அதை வெட்டவும் தேவையில்லை. படகு மெதுவாக வந்தால் அது தானே சாயும். தீவுப் படகுகள் தினமும் அப்படித்தான் வந்து போகின்றன. எனக்கு மட்டும்தான் அது தெரியாமல் இருந்தது.

கண்டல் மரத்தைத் தாண்டி இருநூறு மீற்றர் போன பிறகு நடுவில் நின்ற பெண் கத்தவில்லை. மெல்லச் சொன்னார்: "என்ட சிவப்பு தண்ணிக்கு மேல நிக்குது."

எல்லோரும் நின்றோம். அவர் பக்கத்துப் பெண்ணின் துணியும் நீருக்கு மேலேயே நின்றது. காலால் தடவினேன். கூர்மையாகக் குத்தியது. சிப்பி ஓடுகள் குவிந்து இறுகிய மேடு. அளந்தேன்: எழுபது. பத்துக் காலடி நீளம். மணி நான்கு. மீதி எல்லாம் சரியாக இருந்தும், அந்தப் பத்துக் காலடிக்காக நான் மறுபடியும் 'இல்லை' என்று எழுத வேண்டியிருக்கும். எழுதியிருப்பேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

"என்ன நிண்டுட்டீங்க?" கரையிலிருந்து ராத்தாவின் குரல்.

"நடுவுல மேடு ராத்தா!"

"ஓரத்துல?"

வலது கோடியில் நின்ற பெண் கம்பைத் தூக்கிக் காட்டினார். சிவப்பிலிருந்து நீர் சொட்டியது.

"அப்ப சுத்திப் போங்களன்! பஸ் என்ன, ரோட்டுல மரம் நிண்டா மரத்துல முட்டியா போகுது?"

நான் என் பாதையை ஒரு நேர்கோடாகவே கீறி வைத்திருந்தேன். யாரும் நேர்கோடு கேட்கவில்லை. ஆறு பேரையும் வலது பக்கம் நகர்த்தி, மேட்டைச் சுற்றி அங்குலம் அங்குலமாக அளந்தோம். அந்தப் படகு திரும்பத் தேவையான அகலத்தை ஜிஃப்ரி நானா சொன்னார். இரண்டு தடவை பார்த்தோம். போதும். தாராளமாகவே போதும்.

நாலே முக்காலுக்கு மேலாளருக்கு எடுத்தேன். எண்களை வாசித்தேன். மேட்டையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் ஒரு முறை திருப்பிச் சொல்லச் சொல்லிவிட்டு, "பின்னால என்ன சத்தம் அது?" என்று கேட்டார்.

"பொம்புளைகள் சேர். சட்டி மூடியத் தட்டுறாங்க."

அறிக்கையில் முதல் அளவையும் இரண்டாவது அளவையும் அருகருகே கொடுத்து, முதலாவது ஏன் பிழை என்று என் பெயர் போட்டு எழுதினேன். அதை எடுத்துவிடலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன் என்று இன்று துணிவாகச் சொல்கிறேன். அன்று அவ்வளவு துணிவு இருந்ததா என்பது, அகராதிக்காரர் சொல்வதுபோல, நிச்சயமில்லை.

வாய்க்காலின் இருபக்கமும் கம்புகள் நட்டு அடையாளம் வைத்தார்கள். மூன்று வாரங்கள் கழித்துச் சுகாதாரப் படகு முதன்முறையாக அந்தத் துறைக்கு வந்தது. வழிகாட்ட எங்களையும் அழைத்திருந்தார்கள். நானும் ஜிஃப்ரி நானாவும் அதில் ஏறிக்கொண்டோம். அதன் படகோட்டி களப்புக்குப் புதியவர். முகப்பில் சின்னதாக ஒரு ஆழமானி. வாய்க்காலுக்குள் நுழைந்ததும் அது ஆழமில்லை, ஆழமில்லை என்று கீச்சிடத் தொடங்கியது. புல் தொடங்கும் இடம் அது. படகோட்டி இயந்திரத்தைத் தணித்தார். மருத்துவமாது தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "தட்டாது, ஓட்டுங்க," என்றார் ஜிஃப்ரி நானா. மேட்டருகில் கம்புகள் காட்டியபடி வலப்பக்கம் வளைந்தோம். புல் சாய்ந்து வழிவிட்டது. கரையில் ஊர் முழுக்க நின்றது.

அன்று முதலில் ஏறியவர் நூர்ஜஹான் ராத்தா. நிறைமாதம் நெருங்கியிருந்தது. பரிசோதித்த மருத்துவமாது எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். ஆனாலும் ஒரு தடவை புத்தளம் ஆசுபத்திரியில் காட்டிவிட்டு வரலாம் என்று அதே படகிலேயே அழைத்துப் போனார். ராத்தா வாய்க்காலைப் பார்த்தபடி முன்பக்கம் உட்கார்ந்துகொண்டார். படகு கரையை விட்டதும் ஆழமானி மறுபடியும் அலறியது. படகோட்டியின் கை தானாகவே இயந்திரத்தைத் தணிக்கப் போனது.

ராத்தா திரும்பிப் பார்த்தார்.

"அது கத்தட்டும் தம்பி," என்றார். "நீங்க ஓட்டுங்க."